தெரியுதுன்னு பொய் சொன்ன ராத்திரி

மொதல்ல ஒரு விஷயத்த ஒத்துக்கிடறேன். வானம் பாக்குற கிளப்புக்குப் போன மொத ராத்திரியே நான் பொய் சொன்னேன். 2021 நவம்பர், அமாவாசைய ஒட்டி வந்த சனிக்கிழமை. பெரிய டெலஸ்கோப்ல ஆண்ட்ரோமீடா கேலக்ஸிய வச்சிருந்தாங்க, வரிசைல நின்னு என் டர்ன் வந்ததும் கண்ண வச்சேன், கருப்பா இருந்துச்சு, அங்கங்க நாலஞ்சு புள்ளி, அவ்ளோதான். பின்னாடி ஏழெட்டு பேர் நிக்கிறாங்க. பக்கத்துல நின்ன பெரியவர் "தெரியுதா தம்பி?"ன்னு கேட்டார். "ஆங் சார், சூப்பரா தெரியுது"ன்னேன். அவர் விடல. "எப்படி நீண்டு இருக்கு, மேலயும் கீழயுமா, குறுக்கவா?"

குத்துமதிப்பா "குறுக்க"ன்னு அடிச்சு விட்டேன். அவர் சிரிக்கவும் இல்ல, ஒண்ணும் சொல்லவும் இல்ல. "நல்லது. அந்தப் பாயில போய் ஒரு இருவத்தஞ்சு நிமிஷம் படுங்க. போன வெளிய எடுக்கவே கூடாது. அப்பறம் வந்து மறுபடி பாருங்க"ன்னார். மாட்டிக்கிட்டேன்னு புரிஞ்சிடுச்சு, ஆனா அவர் யார் முன்னாடியும் என்னைக் காட்டிக்கொடுக்கல. அந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த தடவையும் போனேன்னு சொல்லலாம்.

நான் ஏன் ஒண்ணும் பாக்கலன்னா, அங்க வந்து சேர்ற வரைக்கும் போன் மேப்ப முழு வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டே வந்தேன், வந்ததும் நேரா வரிசைல நின்னுட்டேன். கண்ணு இருட்டுக்குப் பழக இருவது முப்பது நிமிஷம் ஆகும், அதுவும் பாதில ஒரே ஒரு தடவ வெள்ள வெளிச்சம் பட்டா திரும்ப ஆரம்பத்துலருந்து. இத நான் எங்கயோ படிச்சிருக்கேன், ஆனா படிச்சது வேற, பாயில படுத்துக்கிட்டு ஒவ்வொரு நிமிஷமும் மேல நட்சத்திரம் கூடிக்கிட்டே போறத பாத்தது வேற. மொதல்ல எண்ணினா ஒரு அம்பது இருக்கும், கால் மணி நேரத்துல எண்ண முடியாத அளவுக்கு ஆயிடுச்சு. வானத்துல ஒண்ணும் மாறல, மாறுனது நான்தான்.

திரும்பப் போனப்ப சார் (எல்லாரும் அவர சார்னுதான் கூப்பிடுவோம், ரிட்டயர் ஆனவர்) இன்னொரு விஷயம் சொன்னார், நேரா பாக்காத, ஓரமா பாருன்னு. கண்ணோட நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கும் கலருக்கும் ஆனது, மங்கலான வெளிச்சத்த பிடிக்கிற செல்லெல்லாம் அந்த நடுவ விட்டுத் தள்ளி இருக்கு, அதனால பாக்க வேண்டிய பொருள நேரா முறைச்சா அது காணாமப் போயிடும், கொஞ்சம் தள்ளி வேற எதையோ பாக்குற மாதிரி நடிச்சா தெரியும். நடிச்சேன். ஒண்ணும் வரல. அப்ப அவர் குழாய விரலால லேசா ஒரு தட்டு தட்டினார், படம் குலுங்குச்சு, குலுங்கினப்ப பட்டுனு தெரிஞ்சிது. கண்ணாடில மூச்சு விட்டா படியுமே ஆவி, அந்த மாதிரி ஒரு நீள் திட்டு, நடுவுல மட்டும் கொஞ்சம் அடர்த்தி. மங்கலானது அசைஞ்சா கண்ணு சட்டுனு பிடிச்சுக்குமாம். "மேல கீழயா தான் சார் இருக்கு"ன்னேன். "ம்"ன்னார். அவ்ளோதான் பாராட்டு.

25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது அது. போட்டோல பாக்குற ஊதா கலரோ சுருள் கையோ எதுவும் தெரியல, தெரியவும் தெரியாது, அது கேமரா ரொம்ப நேரம் வெளிச்சத்த சேத்து வச்சு எடுக்குறது. இத யாராச்சும் முன்கூட்டியே சொல்லிட்டா பாதி பேரோட ஏமாத்தம் குறையும்னு எனக்குத் தோணும்.

இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நான் தனியா அவஸ்தப்பட்டுட்டு இருந்தேன். 2020 டிசம்பர் 21 ஞாபகம் இருக்கா, வியாழனும் சனியும் ஒட்டி நின்ன மாதிரி தெரிஞ்சுதே, 1623-க்கு அப்பறம் அவ்ளோ கிட்ட வந்தது அப்பதான்னு எல்லாரும் சொன்னாங்க. வெறும் கண்ணால பாத்துட்டு அந்த வேகத்துல ஒரு டெலஸ்கோப் ஆர்டர் பண்ணிட்டேன். 70 மில்லிமீட்டர் லென்ஸ், அட்டப்பெட்டில பெரிய எழுத்துல 525 மடங்குன்னு போட்டிருந்துச்சு, பக்கத்துல கலர் கலரா நெபுலா படம். 525 எங்கருந்து வந்துச்சுன்னு பின்னாடி கணக்குப் போட்டு பாத்தேன், 700 மிமீ ஃபோக்கல் லெங்த்த (லென்ஸ்லருந்து வெளிச்சம் குவியற எடம் வரைக்கும் உள்ள தூரம்) 4 மிமீ ஐபீஸால (நாம கண்ண வைக்கிற குட்டி லென்ஸ்) வகுத்தா 175, அதோட கூட குடுத்திருந்த மூணு மடங்கு பார்லோவ (உருவத்த இன்னும் பெருசாக்குற துணை லென்ஸ்) பெருக்கினா 525. கணக்கு சரிதான், ஆனா பிரயோஜனம் இல்ல. ஒரு டெலஸ்கோப்போட விட்டம் எத்தன மிமீயோ அதப்போல ரெண்டு மடங்கு வரைக்கும்தான் பெருசாக்குறதுல அர்த்தம், 70-க்கு 140, அதுவும் காத்து நல்லா இருக்குற ராத்திரில. அதுக்கு மேல போனா மங்கலான ஒண்ண இன்னும் மங்கலா பெருசு பண்றதுதான்.

அந்த 4 மிமீ ஐபீஸ மாட்டிக்கிட்டு நான் நிலாவ தேடுனேங்க, நிலாவ! கிடைக்கல. முக்காலி ஆடும், ஃபைண்டர் (குறி பாக்க மேல மாட்டியிருக்குற குட்டி டெலஸ்கோப்) ஒரு பக்கம் காட்டும், டெலஸ்கோப் வேற பக்கம் பாக்கும். ரெண்டு மாசத்துல அது அலமாரி மேல போயிடுச்சு.

கிளப்புக்கு அத ஒரு நாள் கூச்சத்தோட தூக்கிட்டுப் போனேன். யாரும் கிண்டல் பண்ணல, ஏன்னா பாதி பேர் வீட்டு அலமாரி மேலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்திருக்கு. சார் சாயங்காலமே வரச் சொன்னார், வெளிச்சம் இருக்கும்போதே. தூரத்துல ஒரு டவர் நுனிய பெரிய 20 மிமீ ஐபீஸ்ல நடுவுல கொண்டு வந்தார், அப்பறம் ஃபைண்டர் ஸ்க்ரூவ திருகி அதே நுனி ஃபைண்டர் குறுக்குக் கோட்டுலயும் வர்ற மாதிரி வச்சார். அஞ்சு நிமிஷ வேலை. ரெண்டு மாசமா நான் இருட்டுல பண்ண முயற்சி பண்ணி தோத்தது அந்த அஞ்சு நிமிஷ வேலைதான். (பகல்ல பண்ணும்போது சூரியன் இருக்கிற பக்கம் குழாய திருப்பவே கூடாது, சூரியன் மறைஞ்ச ஒடனே பண்றது இன்னும் நல்லது.) முக்காலி கால முழுசா நீட்டாம குட்டையா வச்சு, நடுவுல ஒரு பையில கல்லு போட்டு தொங்கவிட்டார், ஆட்டம் பாதியா குறைஞ்சிடுச்சு.

அன்னைக்கு அந்த டப்பா டெலஸ்கோப்ல, வெறும் 35 மடங்குல, சப்தரிஷி மண்டலத்துல வசிஷ்டர பாத்தேன். வெறும் கண்ணுக்கு வசிஷ்டர் பக்கத்துல மங்கலா அருந்ததி தெரியும்ல, அது ஒரு ஜோடி. டெலஸ்கோப்ல அருந்ததி தள்ளிப் போய் நிக்குது, இங்க வசிஷ்டரே ரெண்டா இருக்கார்! ஒண்ணு பளிச்சுனு, ஒட்டினாப்ல இன்னொன்னு கொஞ்சம் மங்கலா. இந்தத் தடவ யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே "சார், ரெண்டு தெரியுது, சின்னது கீழ இருக்கு"ன்னு கத்திட்டேன்.

அந்தப் பெட்டில ஐபீஸ்ல திருகி மாட்டுற மாதிரி ஒரு சின்ன கருப்புக் கண்ணாடியும் வந்துச்சு, சூரியன பாக்கன்னு. சார் அத வாங்கி சட்டப்பைல போட்டார், இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரல. சூரிய ஃபில்டர்னா குழாயோட வாசல்ல, வெளிச்சம் உள்ள நுழையறதுக்கு முன்னாடி மாட்டணும். ஐபீஸ்ல மாட்டுனா மொத்த வெயிலும் லென்ஸால குவிஞ்சு அந்தக் குட்டிக் கண்ணாடி மேல விழும், சூட்டுல அது விரிசல் விட்டா அடுத்து நம்ம கண்ணுதான். உங்க பெட்டிலயும் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க, இதுல மட்டும் விவாதம் வேணாம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் என்ன டெலஸ்கோப் வாங்கலாம்னு தான் கேப்பாங்க. நான் சொல்றது, ஆறு மாசம் எதுவும் வாங்காதீங்க, அடுத்தவங்களோடதுல பாருங்க. ரொம்ப கை அரிச்சா 7×50 இல்லன்னா 10×50 பைனாகுலர் (மொத எண்ணு எத்தன மடங்கு, ரெண்டாவது லென்ஸோட விட்டம் மிமீல). கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் வெறும் கண்ணுக்கு ஆறுதான் தெரியும், பைனாகுலர்ல பாத்தா டஜன் கணக்குல கொட்டிக் கிடக்கும், உண்மைய சொன்னா அத பெரிய டெலஸ்கோப்ப விட பைனாகுலர்ல பாக்குறதுதான் அழகு. முழங்கைய காரு மேலயோ சுவரு மேலயோ ஊனிக்கிட்டா வியாழனோட நிலாக்கள் கூட தெரியும். வானத்துல தூரம் சொல்லிப் பழக கையே போதும், கைய நல்லா நீட்டி முஷ்டிய மூடினா சுமார் பத்து டிகிரி, சுண்டுவிரல் அகலம் ஒரு டிகிரி. நிலா அர டிகிரிதான், நம்பலன்னா சுண்டுவிரலால மறைச்சுப் பாருங்க.

அமாவாசை ராத்திரி கூட்டம் எப்படி நடக்கும்னு கொஞ்சம் சொல்றேன். வெளிச்சம் இருக்கும்போதே போயிடணும், அது எழுதாத சட்டம். லேட்டா வர்றவன் ஹெட்லைட்டோட வந்து நின்னா அங்க இருக்குற இருவது பேரோட கண்ணும் அர மணி நேரத்துக்கு காலி. வண்டிய வெளிய போற பக்கம் பாக்க நிறுத்தணும், ஏன்னா ரிவர்ஸ் எடுத்தா வெள்ள லைட் எரியும். கதவத் திறந்தா எரியுற உள் லைட்ட அணைச்சு வச்சிடணும். டார்ச்சுக்கு செவப்பு கண்ணாடிப் பேப்பர் ரெண்டு மூணு மடிப்பு சுத்திக்கலாம், செவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வைய அவ்வளவா கெடுக்காது, ஆனா அதுவும் மங்கலா இருக்கணும், சில பேர் பிரேக் லைட் மாதிரி ஒண்ண நெத்தில மாட்டிட்டு வருவாங்க. பச்ச லேசர் ஒருத்தர் கைல மட்டும்தான் இருக்கும், விமானச் சத்தம் கேட்டா அது பாக்கெட்டுக்குள்ள போயிடும். பைலட் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

டெலஸ்கோப்ப இறக்கி வச்ச உடனே பாக்க முடியாதுன்னு தெரியாம மொத சில மாசம் கடுப்பானேன். உள்ள இருந்த கண்ணாடி சூடா இருக்கும், வெளிக்காத்து குளுமையா இருக்கும், குழாய்க்குள்ள சூடான காத்து எழும்பி எழும்பி வியாழன் கொதிக்கிற தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி ஆடும். அர மணியிலருந்து ஒரு மணி நேரம் சும்மா வெளிய விட்டுடணும். நட்சத்திரமெல்லாம் பயங்கரமா மினுக்குற ராத்திரின்னா கிரகத்த விட்டுட்டு நெபுலா, நட்சத்திரக் கூட்டம்னு போயிடுவோம், மேல காத்து அலையுதுன்னு அர்த்தம், கிரகத்தோட நுணுக்கம் எதுவும் நிக்காது. நடுராத்திரிக்கு மேல பனி இறங்கி லென்ஸ்ல படியும், அப்ப துணியால துடைக்கவே கூடாது, கீறல் விழும். பழைய யோகா பாய வெட்டி குழாய் முனைல சுருட்டி மாட்டினா ஒரு மணி நேரம் கூடுதலா கிடைக்கும், ஐபீஸ பாக்கெட்லயே வச்சுக்கிட்டா நம்ம சூட்டுல ஆவி படியாது.

மேகம் வந்து கெடுத்த ராத்திரி எத்தனைன்னு கணக்கு வச்சா மனசு ஒடிஞ்சிடும். ஆனா அந்த மாதிரி ஒரு சீசன்லதான் கண்ணாடி தேய்க்க ஆரம்பிச்சோம்.

கண்ணாடி தேய்க்கிறதுன்னா டெலஸ்கோப்புக்கான மிரர நாமளே செய்யறது. 6 இன்ச் வட்டமா ரெண்டு கண்ணாடி, ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, நடுவுல தண்ணியும் சிலிக்கான் கார்பைடு பொடியும். மேல இருக்கிறத முன்னயும் பின்னயும் தள்ளணும், அப்பப்ப கொஞ்சம் திருப்பணும், நாமளும் மேஜைய சுத்தி ஒரு அடி நகரணும். இதுல அதிசயம் என்னன்னா யாரும் குழி பண்ண முயற்சி பண்றதே இல்ல, மேல இருக்கிற கண்ணாடி தானா குழியாகும், கீழ இருக்கிறது தானா மேடாகும், தேய்மானம் அப்படித்தான் விழும். கர்ர்ர்னு ஒரு சத்தம், பொடி நைசாக நைசாக அந்தச் சத்தம் உஸ்ஸுனு மாறும். மொத்தம் எவ்ளோ ஆழம் தோண்டணும் தெரியுமா, 1200 மிமீ ஃபோக்கல் லெங்த்துக்கு நடுவுல வெறும் 1.2 மிமீ. இதுக்கு எத்தன சனிக்கிழம போச்சுன்னு கேக்காதீங்க.

ஒவ்வொரு தடவ பொடி மாத்தும்போதும் மேஜ, வாளி, கை, நகத்துக்குள்ள வரைக்கும் கழுவணும். ஒரு தம்பி சட்டைய மட்டும் மாத்தல. 80-ம் நம்பர் பொடி (நம்பர் கம்மியானா துகள் பெருசு) ஒரே ஒரு துகள் சட்டக் கைல ஒட்டியிருந்து, 220 ஓடும்போது உள்ள விழுந்துச்சு. சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சு, கிறீச்சுனு ஒண்ணு. கண்ணாடி குறுக்க முடி மாதிரி ஒரு கோடு. நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், யாரும் அவன ஒண்ணும் சொல்லல, ஒரு படி பின்னாடி போய் 120-லருந்து திரும்ப ஆரம்பிச்சோம். அன்னைலருந்து அவன் பனியன் மட்டும் போட்டுக்கிட்டுத்தான் வருவான்.

பாலிஷ் முடிஞ்சப்பறம் ஒரு சோதனை இருக்கு, 1858-ல ஃபூக்கோங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடிச்சது, ஒரு சின்ன வெளிச்சமும் ஒரு பிளேடும் போதும். கண்ணாடிலருந்து திரும்பி வர்ற வெளிச்சத்த பிளேடு முனையால மெல்ல வெட்டினா அதோட மேடு பள்ளமெல்லாம் நிழலா தெரியும். சார் என்ன பண்ணார், பெருவிரல கண்ணாடி மேல பத்து செகண்ட் வச்சு எடுத்தார். "இப்பப் பாரு." விரல் பட்ட எடத்துல ஒரு மேடு! உடம்புச் சூட்டுக்கு கண்ணாடி வீங்கியிருக்கு. தடவிப் பாத்தா தெரியாது, எந்த ஸ்கேலாலயும் அளக்க முடியாது, ஆனா அங்க ஒரு குன்று மாதிரி நிக்குது, பாத்துட்டே இருக்கும்போது ரெண்டு மூணு நிமிஷத்துல மெல்ல அமுங்கி மறைஞ்சிடுச்சு. இத்தன வருஷமா இந்தக் கிளப்ல நான் பாத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி எதுன்னா சனியோ நிலாவோ இல்ல, அந்தக் கட்டவிரல் மேடுதான். இது கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, வானம் பாக்குற கிளப்ல சேந்துட்டு.

சார்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. திருவாதிரை நட்சத்திரம் இருக்கே, வேட்டைக்காரன் தோள்ல செவப்பா, அது ஒளி கூடிக் குறையுற நட்சத்திரம். அத பல வருஷமா வெறும் கண்ணால மதிப்பு போட்டு எழுதிட்டு வர்றார், பக்கத்துல இருக்கிற ஒளி தெரிஞ்ச நட்சத்திரங்களோட ஒப்பிட்டு, ரோகிணிய விட மங்கல், அந்த இன்னொரு தோள்ல இருக்கிற பெல்லாட்ரிக்ஸ விட பளிச், இப்படி. 2019 கடைசிலருந்து எண்ணு ஏறிட்டே போகுது (இந்த மேக்னிட்யூட் கணக்குல எண்ணு கூடினா ஒளி குறையுதுன்னு அர்த்தம்), 2020 பிப்ரவரி பக்கத்துல கிட்டத்தட்ட பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துடுச்சு, 1.6. உலகம் பூரா அது வெடிக்கப் போகுதுன்னு பேசிட்டு இருந்த நேரம் அது. வெடிக்கல. அது கக்கின வாயு குளிர்ந்து தூசியாகி நம்ம பக்கத்த மறைச்சிருக்குன்னு பின்னாடி ஆராய்ச்சி சொல்லுச்சு. ஆனா அந்த நோட்டுப் பக்கத்த தொட்டுப் பாத்தப்ப எனக்கு ஒண்ணு புரிஞ்சிது, விஞ்ஞானிங்க பெரிய பெரிய கருவில அளந்தத இவர் மொட்ட மாடில நின்னு பேனாவால எழுதியிருக்கார், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஒத்துப்போகுது.

இப்ப நாங்க நாலஞ்சு பேர் அத பண்றோம். ஒரே விதிதான், எழுதி முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. ஒருத்தர் "0.7 இருக்கும்ல"ன்னு சொல்லிட்டா முடிஞ்சிது, மத்தவங்க கண்ணுக்கும் 0.7-தான் தெரியும். எழுதினப்பறம் நோட்ட நீட்டுவோம், மொதல்ல எல்லாம் எனக்கும் சாருக்கும் அர மேக்னிட்யூட் வித்தியாசம் வந்துச்சு, சிலது இப்பவும் வருது. செவப்பு நட்சத்திரத்த ரொம்ப நேரம் முறைச்சா அது நிஜத்த விட பளிச்சுனு தெரியுமாம், அதனால சட்டு சட்டுனு பாத்து கண்ண எடுத்துடணும்.

எரிநட்சத்திரம் எண்ணுறதுலயும் அதே விதி. 2023 டிசம்பர் ஜெமினிட்ஸ் எரிநட்சத்திர மழை அன்னைக்கு நிலாவே இல்ல, ரெண்டு நாள் முன்னாடிதான் அமாவாசை. பன்னெண்டு பேர் வட்டமா கால் வெளிப்பக்கம் நீட்டி படுத்தோம், ஆளுக்கொரு திசை. மத்த எரிநட்சத்திர மழைல பெரும்பாலானது வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசி, இது ஃபேத்தான்னு ஒரு சிறுகோளோட தூசி, அதனாலயோ என்னவோ கொஞ்சம் நிதானமா, கெட்டியா போகும். யாராவது "அங்க! அங்க!"ன்னு கத்துவாங்க, நாம திரும்புவோம், ஒண்ணும் இருக்காது, ஆனா கை தானா கோடு போட போகும். போடக் கூடாது. நீ பாத்தாதான் உன் கணக்கு. அந்த ராத்திரி ஒரு மணிலருந்து ரெண்டு மணி வரைக்கும் எனக்கு 47. பக்கத்துல படுத்திருந்த அக்காவுக்கு 62. அவங்க பாத்த பக்கம் இருட்டு ஜாஸ்தி, அதோட நான் நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் தூங்கிட்டேன், அதையும் நேரத்தோட எழுதி வச்சிருக்கேன்.

இதெல்லாம் கத்துக்கிட்டு ஒரு மாதிரி தேறிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தப்பதான் போன வருஷம் நவம்பர், அதாவது 2025, பொதுமக்களுக்கு வானம் காட்டுற நிகழ்ச்சில எனக்கு 8 இன்ச் டாப்சோனியன் குடுத்தாங்க. நடுத்தெருவுல வச்சு போற வர்றவங்களுக்கு எல்லாம் வானத்த காட்டணும்னு 1968-ல சான்ஃபிரான்சிஸ்கோல ஒரு கூட்டத்த ஆரம்பிச்சாரே ஜான் டாப்சன், அவர் பேர்ல வந்ததுதான் இந்த டெலஸ்கோப். மோட்டார் கீட்டார் ஒண்ணும் கிடையாது, கையால தள்ளணும்.

எனக்கு சனி. அதுல ஒரு சிக்கல், 2025 மார்ச்ல சனியோட வளையம் நமக்கு சரியா பக்கவாட்டுல திரும்பிடுச்சு, சுமார் பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ நடக்குறது, நவம்பர்லயும் கிட்டத்தட்ட அப்படியேதான், வளையம் ஒரு கோடா தான் தெரியும். கலிலியோவே இதுல குழம்பியிருக்கார், 1610-ல பாத்தப்ப ரெண்டு பக்கமும் ஏதோ ஒட்டிட்டு இருந்த மாதிரி தெரிஞ்சது 1612-ல காணாமப் போயிடுச்சு, அது வளையம்னு ஹைகன்ஸ்ங்கிற டச்சு விஞ்ஞானி 1659-ல விளக்குற வரைக்கும் யாருக்கும் பிடிபடல. இந்தக் கதைய வரிசைல நிக்கிறவங்களுக்கு சொல்லணும்னு ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், அதுலதான் கெட்டேன்.

கதை சொல்லிட்டே இருந்தேன், ஒருத்தர் பாத்தார், "சூப்பர்", அடுத்தவர் "வாவ்", அடுத்து ஒரு அம்மா "அழகா இருக்குப்பா", இப்படி ஒரு ஆறு பேர். ஏழாவது ஒரு சின்னப் பையன், எட்டு வயசு இருக்கும், ஸ்டூல் மேல ஏறி கண்ண வச்சான். "கருப்பா இருக்கு"ன்னான்.

"ஓரமா பாரு, தெரியும்"ன்னேன்.

"ஓரத்துலயும் கருப்பாதான் இருக்கு அங்கிள்."

அவன நகத்திட்டு நான் பாத்தேன். கருப்பா இருந்துச்சு. 10 மிமீ ஐபீஸ், 120 மடங்கு, தெரியற வட்டமே அர டிகிரிக்கும் கம்மி. பூமி சுத்துறதுல சனிய நடுவுல வச்சாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஓரத்துக்கு ஓடிடும், நான் கலிலியோ பத்தி பேசிட்டு நின்னதுல அது எப்பவோ வெளிய போயிடுச்சு. அந்த ஆறு பேரும் வெறும் இருட்டப் பாத்துட்டு சூப்பர்னுட்டுப் போயிருக்காங்க. எனக்கு 2021 நவம்பர் ஞாபகம் வந்து காது சூடாயிடுச்சு. ஆளுக்கு ஆள் நடுவுல நானே ஒரு தடவ பாத்து சரி பண்ணியிருக்கணும், கூட்டத்துக்கு 25 மிமீ மாட்டியிருக்கணும், 48 மடங்கு போதும், ரெண்டு நிமிஷம் நிக்கும். எல்லாத்துக்கும் மேல, "தெரியுதா"ன்னு கேட்டிருக்கக் கூடாது. என்ன தெரியுதுன்னு கேட்டிருக்கணும். சார் பக்கத்து டெலஸ்கோப்ல நிலாப் பள்ளத்த காட்டிட்டு இருந்தார், ஒவ்வொருத்தர்கிட்டயும் "நிழல் எந்தப் பக்கம் விழுது?"ன்னு கேட்டுட்டே இருந்தது அப்பதான் என் காதுல விழுந்துச்சு.

25 மிமீ மாட்டி சனிய பிடிச்சு பையன மறுபடி ஏத்தினேன். "என்ன தெரியுது, அப்படியே சொல்லு"ன்னேன். ரொம்ப நேரம் பாத்தான். கைய குழாய் மேல வச்சிட்டான், படம் ஆடிச்சு, எடுக்கச் சொன்னேன், மறுபடி பாத்தான்.

"ஒரு சின்ன உருண்டை. அதுல ஒரு ஊசி குத்தி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வெளிய வந்திருக்கு. தள்ளி ஒரு புள்ளி இருக்கு."

புள்ளி டைட்டன், சனியோட பெரிய நிலா. நான் அத சொல்லவே இல்ல. இறங்கிட்டு என்னைப் பாத்து கேட்டான், "அப்ப எனக்கு முன்னாடி பாத்தவங்கல்லாம் எத அங்கிள் சூப்பர்னாங்க?"

அவன் அம்மா "டேய்"ன்னு அதட்டினாங்க. நான் டெலஸ்கோப்ப இன்னொரு நண்பர்கிட்ட ஒப்படைச்சுட்டு கூட்டத்துக்குள்ள போய் அந்த ஆறு பேர தேட ஆரம்பிச்சேன். நாலு பேர் கிடைச்சாங்க, "மன்னிச்சுக்கங்க, அப்ப நீங்க பாத்தப்ப சனியே அங்க இல்ல"ன்னு சொல்லி திரும்ப வரிசைல நிக்க வச்சேன், அதுல "அழகா இருக்குப்பா"ன்ன அம்மாவும் இருந்தாங்க. ரெண்டு பேர் அதுக்குள்ள கிளம்பிட்டாங்க.